கிளினிக் அஸ்பிரினுடன் கனடாவிலிருந்து வந்த நோக்குளிசையையும் எடுக்கலாமா?

வடலியடி (கேள்வி):
வணக்கம். எனது அம்மாவுக்கு 68 வயது. இதய வருத்தம் வந்த நாள் முதல், கிளினிக்கில் கொடுக்கும் 75 மில்லிகிராம் அஸ்பிரினை நாள்தோறும் எடுத்து வருகிறார். கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தி, தனக்கு அங்கே வைத்தியர் எழுதிக் கொடுத்த நோக்குளிசையில் ஒரு போத்தலை முழங்கால் உளைவுக்கு நல்லதென்று சொல்லி விட்டுச் சென்றார். லேபிளை வாசித்துப் பார்த்தபோது அஸ்பிரின், கோடீன், கஃபீன் மூன்றும் அதில் இருப்பது தெரிந்தது. அம்மா ஆறு நாட்களாக, வேளைக்கு இரண்டாக நாளொன்றுக்கு ஆறு குளிசை எடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விரதத்தன்று வெறும் வயிற்றில். இப்போது மேல்வயிறு எரிகிறது, காதுக்குள் சில்வண்டு இரைவது போலிருக்கிறது என்கிறார். போத்தலைத் திறந்தால் வினாகிரி மணக்கிறது. அடுத்த வாரம் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். எதை நிறுத்துவது?

ஓய்வுபெற்ற மருந்தாளர், கோண்டாவில்:
சித்தியின் குளிசையை இன்றே நிறுத்துங்கள். கிளினிக்கின் 75 மில்லிகிராமை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைத் திடீரென விட்டால் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். போத்தலையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே வைத்தியரிடம் செல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையுடன் கடுமையாக நாறினாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்கு, நோவையும் தூண்டுகின்ற, உடம்பே உண்டாக்கும் புரொஸ்ரகிளண்டின்கள் என்ற பொருட்கள் தேவை. அஸ்பிரின் அவற்றின் உற்பத்தியைத் தடுப்பதாலேயே நோவும் குறைகிறது, குடற்புண்ணும் வருகிறது. இதனை 1971 இல் கண்டறிந்த ஜோன் வேன் 1982 இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். இரத்தத்தில் கலந்த பின்னரும் இந்தத் தடை நிகழ்வதால், சாப்பிட்ட பின் எடுத்தாலும், குடலில் கரையும்படி மேற்பூச்சிட்ட குளிசையை எடுத்தாலும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளை அஸ்பிரின் மீளமுடியாதபடி முடக்கிவிடும்; அவற்றின் ஆயுள் 7 முதல் 10 நாட்கள் என்பதால், இன்று நிறுத்தினாலும் பல் பிடுங்கும்போது அதன் விளைவு ஓரளவு இருக்கும். பல் வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள்.

காது இரைவது, அஸ்பிரினிலிருந்து உண்டாகும் சலிசிலேற்று உடம்பில் அளவுமீறிச் சேர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். கோடீன் மலச்சிக்கலையும் மயக்கத்தையும் தரும். இரவில் எழும்பும் வயோதிபர் தடுமாறி விழுவதற்கு அதுவே போதும், நாட்பட எடுத்தால் பழக்கமாகியும் விடும். வினாகிரி மணமோ, ஈரலிப்பில் அஸ்பிரின் சிதைந்து அசற்றிக் அமிலம் பிரிவதால் வருவது. அந்தப் போத்தலை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

நாவற்குழியான்:
எனக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு; மூக்கினுள் தசை வளர்ச்சியும் உண்டு. பல்வலிக்கு அயல்வீட்டில் வாங்கிய அஸ்பிரினைக் கரைத்துக் குடித்து அரை மணித்தியாலம் ஆகுமுன் மூச்சு இழுக்கத் தொடங்கி, விடியும்வரை நெபுலைசருடன் இருந்தேன். இபுபுரூபன், டைக்குளோபினாக் ஆகியவையும் எனக்கு ஆகாது என்று பின்னர்தான் அறிந்தேன். மாரி தொடங்கிவிட்டதால் இன்னுமொன்று: டெங்குவோ என்று ஐயுறும் காய்ச்சலில் அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வைரஸ் காய்ச்சலுக்கும் கொப்புளிப்பானுக்கும் அதைக் கொடுக்கவே கூடாது; மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேயின் நோய் அபூர்வமாயினும் உயிரைப் பறிக்கவல்லது.

இணுவில் மகள்:
அப்படியானால் முழங்காலுக்கு டைக்குளோபினாக் குளிசை எடுக்கலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளர், கோண்டாவில்:
அஸ்பிரினுடன் சேரும்போது இரைப்பை இரத்தக்கசிவின் ஆபத்தை அதுவும் கூட்டும். இதய வருத்தக்காரருக்கு அது வேறு வகையிலும் உகந்ததன்று. இபுபுரூபனோ, முந்தி எடுத்தால், சிறிய அஸ்பிரினின் வேலையையே தடுத்துவிடும். பனடோல்தான் முதலில் பார்க்க வேண்டியது. 500 மில்லிகிராம் குளிசை வளர்ந்தவருக்கு ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது, மெலிந்த வயோதிபருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் வைத்தியர் இன்னும் குறைப்பார்.

வடலியடி:
மிக்க நன்றி ஐயா. அன்றைக்கே வைத்தியரிடம் காட்டினோம். இரத்தப் பரிசோதனை செய்து, இரைப்பைக்கு ஒமெப்பிரசோல் எழுதித் தந்தார். சிறிய அஸ்பிரினை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கலாம், பஞ்சைச் சற்றுக் கூடுதல் நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும் என்று பல் வைத்தியர் சொன்னார். காதிரைச்சல் மூன்றாம் நாள் அடங்கியது. இதைச் சித்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தானும் அங்கே அதே குளிசையைத்தான் எடுத்து வருவதாகவும், தனக்கும் காது இரைவதை வயதின் கோளாறென்று எண்ணியிருந்ததாகவும் சொன்னார்.