பறவை வழிகாட்டியாக விரும்பும் தம்பிக்கு ஆலோசனை வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிக்கும் என் தம்பி, குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளையும் கொசஸ்தலை ஆற்றின் சேற்றுத்திட்டுகளில் இரைதேடும் உள்ளான் என்னும் கரையோரப் பறவைகளையும் பார்வையாளர்களுக்குக் காட்டும் வழிகாட்டியாக விரும்புகிறான். நீரின் ஏற்றவற்றம் அவனுக்குப் பழக்கம். பறவைக்கூட்டம் கலையாத தொலைவில் படகை நிறுத்தவும் தெரியும் (இதைப் பாடமாகக் கற்பிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே). ஆனால், பருவத்துக்கேற்ப இறகு நிறம் மாறும் உள்ளான் இனங்களைப் பிரித்தறிவதிலும் முதலுதவியிலும் அவனுக்கு முறையான பயிற்சி இல்லை. 2011இல் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நினைத்தால், முதலுதவியே முதலில் வேண்டும் என்று தோன்றுகிறது. வடசென்னையில் இப்பயிற்சிகள் எங்கே கிடைக்கும், சரணாலயப் பகுதிக்குள் வழிகாட்ட வனத்துறையில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், இரவலாகத் தொலைநோக்கி தரக்கூடியவர் எவரேனும் உண்டா என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.