உதவி கேட்ட விண்ணப்பத்தில் கிடைத்த ஊர்

என் மாமியார் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய முன்னோர் அயர்லாந்தின் டொனகல் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எந்த ஊர் என்று பார்த்துச் சொல்லும்படி அவர் கேட்டதால் தேடத் தொடங்கினேன். இதே தேடலில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அயர்லாந்து ஊரை முதலில் ஸ்காட்லாந்து ஆவணங்களில் தேடுங்கள்.

1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட அயர்லாந்துக் குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) ஏடுகளில் பெரும்பகுதி, 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அழிந்தது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. பிறப்பு, இறப்புப் பதிவும் அங்கே 1864இல்தான் தொடங்கியது. ஸ்காட்லாந்திலோ 1855 முதலே பதிவு உண்டு. இறப்புச் சான்றிதழில்கூடத் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர் இருக்கும். ஆனால் அங்குள்ள குடிக்கணக்கில் பிறந்த இடமாகப் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டுமே எழுதியிருப்பார்கள்.

எங்களுக்கு வழி திறந்தது கிளாஸ்கோ மிட்செல் நூலகத்திலுள்ள ஏழையர் உதவி விண்ணப்பங்களில். மாமியாரின் கொள்ளுப்பாட்டி கணவரை இழந்தபின் உதவி கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் அவர் வயது, மதம், குடியிருந்த முகவரிகள், பிள்ளைகள், பெற்றோர் பெயர்கள், பிறந்த பங்கு (தேவாலயத்தைச் சார்ந்த ஊர் வட்டாரம்) எல்லாம் எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில் நெருக்கமாக இருந்தன. இவ்வளவு துருவிக் கேட்டதற்குக் காரணம் 1845ஆம் ஆண்டு ஏழையர் சட்டம். போதிய காலம் ஒரே பங்கில் வாழ்ந்து அங்கு உரிமை பெறாத அயர்லாந்துக்காரர் உதவி கேட்டால், அவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. கைக்குழந்தையோடு அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு நெஞ்சு கனத்தது.

பங்கின் பெயர் கிடைத்தபின், அயர்லாந்தில் வரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டைப் பார்த்தோம். அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே வரும். கேலகர் போன்ற பெயர்கள் டொனகலில் எங்கும் நிறைந்திருப்பதால், பங்கு தெரியாமல் அதைப் புரட்டிப் பயனில்லை. இப்போது அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேடுகளை மாமியாரும் நானும் சேர்ந்து படித்து வருகிறோம். பல பக்கங்களில் மை மங்கியிருக்கிறது, சில இலத்தீனில் உள்ளன. திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்கிறோம், அவர்கள் பெரும்பாலும் உறவினர்களாகவே இருப்பார்கள்.