வருமான வரி ரிட்டன் போடாததற்கு நோட்டீஸ் வந்தவர்கள் எழுதுங்கள்

தென்னந்தோப்பு:
பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். 2018 ஆடியில் அப்பா மொய் விருந்து வைத்தார். கடனை அடைத்ததுபோக 11 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டார். வருஷத்தில் ரொக்கம் 10 லட்சத்தைத் தொட்டால் வங்கியே வரித்துறைக்குச் சொல்லிவிடும் என்று யாருக்குத் தெரியும்? தேங்காய் வருமானம்தானே, ரிட்டன் எதற்கு என்று இருந்துவிட்டோம். 2023 மார்ச்சில், பழைய வருஷக் கணக்கை ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டு 148ஏ நோட்டீஸ். பான் கார்டு எடுத்துக் கொடுத்த கடைக்காரர் மெயிலுக்குப் போய்விட்டது. நாங்கள் பார்க்கும்போது பாக்கி நாலு நாள்.

மொய் நோட்டு கஜா புயலில் நனைந்தது. பாதிப் பக்கம் மை ஊறி எழுத்தே இல்லை. அப்பா ஞாபகத்திலிருந்து பெயர் சொல்லச் சொல்ல, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். மேலத்தெருவில் ஒரு அப்பாயி, ஐந்நூறு செய்தவர். "தம்பி, நான் மொய் செஞ்சது தப்பாய்யா? முதியோர் பணத்த நிறுத்திப்புடுவாங்களா?" கேட்டுக்கொண்டேதான் கைநாட்டு வைத்தார். விரல் நடுங்கியது. எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை. நோட்டையும் சிட்டா அடங்கலையும் போர்ட்டலில் ஏற்றினோம். மேல் நடவடிக்கை வேண்டாம் என்று ஆணையும் வந்தது. அப்பாயி இன்னும் என்னைப் பார்த்தால் அதைத்தான் கேட்கிறார்.

கணக்குப்பிள்ளை:
இதைப் படித்துவிட்டு மொய்க்கு வரி இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கல்யாண அன்பளிப்புக்கு விலக்கு மணமக்களுக்கு மட்டும்தான். பெண்ணின் அப்பா பேரில் எழுதியது, காதுகுத்து, மொய் விருந்து எதற்கும் கிடையாது. சொந்தக்காரர் அல்லாதவர்கள் கொடுத்தது வருஷத்தில் 50,000 தாண்டினால் முழுசும் வருமானம். கடன் என்பீர்களா? 20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேருக்கும் விவசாய வருமானம் இருந்து, வரிக்குரிய வருமானம் இல்லாவிட்டால்தான் தப்பலாம். மெயிலை உங்கள் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். நோட்டீஸில் டின் (ஆவண அடையாள) எண் இருக்கிறதா, போர்ட்டலில் அது சரிபார்க்கிறதா பாருங்கள். உங்கள் பானில் பதிவான வரவு செலவெல்லாம் வரும் ஏஐஎஸ் அறிக்கையை இறக்கி வரி வரியாகப் படியுங்கள். நாள் போதாவிட்டால் அவகாசம் கேளுங்கள். என் தம்பி பதிலே போடவில்லை. டெபாசிட் மொத்தத்தையும் கணக்குக் காட்டாத பணம் என்று 69ஏ பிரிவில் சேர்த்து 60 சதவீத வரி, அதற்குமேல் சர்ச்சார்ஜ் போட்டார்கள்.

தென்னந்தோப்பு:
அண்ணே, கடன் என்றுதான் நாங்களும் எழுதிக் கொடுத்தோம். எங்கள் நோட்டில் 20,000 செய்தவர் இரண்டே பேர், இருவரும் தோப்புக்காரர்கள். அன்பளிப்பு என்று ஒன்று எங்கள் பக்கம் மொய்யில் கிடையாது. அவர்கள் விருந்து வைக்கும்போது கூட்டித் திருப்பிச் செய்யாவிட்டால் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஒத்தக்கடை அக்கா:
என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாசம். வீடு விற்றபோது வாங்கியவர் பிடித்துக் கட்டிய 1 சதவீத வரி (டிடிஎஸ்) என் வீட்டுக்காரர் பானில் ஏறியிருக்கிறது, ரிட்டன் போடவில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஏற்றி, சட்ட வாரிசாகப் பதிந்து நானே பதில் போட்டேன். அதெல்லாம் முடிந்தது. அவர் போனை சார்ஜ் போட்டு பீரோவில் வைத்திருப்பேன். ஒருநாள் மத்தியானம் உள்ளே அது அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். ரிட்டன் தாக்கல் செய்யவில்லை என்று, அவரிடம்தான் கேட்டிருந்தார்கள்.