ஆங்கில இலக்கியம் படிச்சவங்க, வகுப்புல மறக்கவே முடியாத ஒரு நாளைச் சொல்லுங்க

சாரல்:

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். 2009-ல நெல்லைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். முதல் வருஷம் பூரா லிப்கோ அகராதியும் கையுமாத்தான் திரிஞ்சேன். பாடத்தைக்கூட எப்படியோ ஒப்பேத்திடலாம், வாயைத் திறக்கத்தான் பயம். "தமிழை மறந்தாத்தான் இங்கிலீஷ் வரும்"னு பார்க்கிறவங்க எல்லாம் சொன்னாங்க. நானும் அப்படியே நம்பிட்டேன்.

இரண்டாம் வருஷம் ஒலியியல் பேப்பர். ஆங்கிலத்துல எழுத்து 26, ஆனா பிரிட்டிஷ் உச்சரிப்புல ஒலி 44, அதுல உயிர் 20, மெய் 24. சார் போர்டுல ஒரு தலையைப் பாதியா வெட்டின மாதிரி படம் போட்டு, உதடு, பல், ஈறு, அண்ணம், நாக்குன்னு ஒவ்வொண்ணாக் குறிச்சார். 'டேபிள்', 'டைம்' எல்லாத்துலயும் வர்ற அந்த 'ட்'டை நாம சொல்ற மாதிரி நாக்கை மடிச்சுச் சொல்லக் கூடாதாம். மேல்பல்லுக்குப் பின்னால ஈறு மேடா இருக்கு பாருங்க, நாக்கு நுனி அங்கதான் படணுமாம். நாப்பது பேர் முயற்சி பண்ணினோம். பாதிப் பேருக்கு 'ட' வந்துச்சு, மீதிப் பேருக்கு 'த' வந்துச்சு. நடுவுல நிக்கவே மாட்டேங்குது.

கடைசி பெஞ்சுல இலங்கை அகதி முகாம்ல இருந்து வந்த பையன் ஒருத்தன். சார் அவனைப் பார்த்து, "தம்பி, வெற்றின்னு சொல்லு"ன்னார். சொன்னான். நாம 'வெட்ரி'ங்கிற மாதிரி சொல்லுவோம். அவன் வாயில அந்த 'ற்ற' வேற மாதிரி விழுந்துச்சு. "காற்று?" சொன்னான். "இதுதான்யா நான் ஒரு வாரமாக் கேக்குற ஒலி"ன்னார் சார்.

முதல் வருஷம் அவன் 'காற்று'ன்னு சொன்னப்போ சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. அன்னைக்கு அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியல.

அடுத்த வகுப்புக்குத் தமிழ்த்துறை ஐயாவையே சார் கூட்டிட்டு வந்துட்டார். "அணரி நுனிநா அண்ணம் ஒற்ற றஃகான் னஃகான் ஆயிரண்டும் பிறக்கும்"னு ஐயா தொல்காப்பியத்தைப் பாடிக் காட்டினார். நாக்கு நுனி மேல எழும்பி அண்ணத்தைத் தொட்டா ற, ன ரெண்டும் பிறக்கும்னு அர்த்தம். த எங்க பிறக்குது, ட எங்க பிறக்குது, ற எங்க பிறக்குதுன்னு மூணுக்கும் தனித்தனி நூற்பா. பல்லடியில த, மடிச்ச நாக்குல ட, இரண்டுக்கும் நடுவுல பழைய ற. போர்டுல கிடந்த அதே இங்கிலீஷ் படத்துல மூணு புள்ளி வச்சார் சார். நான் நோட்டுல அந்தப் படத்தை வரைஞ்சுக்கிட்டேன். இன்னும் என்கிட்ட இருக்கு.

பனைநிழல்:

அக்கா, நீங்கள் சொன்ன ஆள் நான் இல்லை. ஆனா நானும் முகாமிலதான் பிறந்து வளர்ந்தனான், நானும் ஆங்கிலம்தான் படிச்சனான். வாசிக்கேக்க கண் கலங்கிப் போச்சு.

எங்கட இலங்கைத் தமிழ்ப் பேப்பருகளைப் பார்த்தீங்களெண்டா 'கிரிக்கெற்', 'மார்க்கெற்', 'இன்ரநெற்' எண்டுதான் எழுதியிருக்கும். இங்க பள்ளிக்கூடத்தில நான் அப்பிடி எழுதினா சிவப்புப் பேனையால சுழிச்சு விடுவினம். பிழை எண்டு நினைச்சு நானும் மாத்திக்கொண்டன். காதால கேட்டதைத்தான் எங்கட ஆக்கள் எழுதியிருக்கினம் எண்டு எம்.ஏ. படிக்கேக்கதான் எனக்கே விளங்கினது. அண்டைக்குப் பின்னேரம் வீட்ட போய் அம்மாவை 'காற்று, சோற்றுப்பானை, நேற்று' எண்டு சொல்லச் சொல்லிப் போன்ல பதிஞ்சு வச்சன். "உனக்கென்னடா விசரே?" எண்டு அம்மா கேட்டதும் அதிலயே பதிஞ்சிருக்கு. இப்ப அம்மா இல்லை.

பழைய வாத்தியார்:

முப்பது ஆண்டுக்கு மேல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். தமிழை மறக்கச் சொல்பவர்களோடு எனக்கு என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. மாற்றொலி என்ற பாடத்துக்கு வரும்போது, புத்தகத்தைத் திறக்கும் முன் கரும்பலகையில் 'பாம்பு' என்று எழுதிவிட்டு, "இதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுங்கள்" என்பேன். எல்லோரும் முதல் ப-வுக்கு 'பி ஃபார் பென்' (p) போடுவார்கள். இரண்டாவது ப-வுக்கு 'பி ஃபார் பால்' (b) போடுவார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை. எழுத்து ஒன்று, இடம் மாறினால் ஒலி இரண்டு. நாம் பேசும்போது அந்த வேறுபாட்டைக் காது கவனிப்பதேயில்லை.

அதற்குப் பிறகு விரல் அகலத்துக்கு ஒரு காகிதக் கீற்றை உதட்டுக்கு முன்னால் பிடித்து, 'பின்' என்று ஆங்கிலேயர் சொல்வதுபோல் மூச்சோடு சொல்லிக் காட்டுவேன். கீற்று துள்ளும். 'ஸ்பின்' என்பேன், ஏறக்குறைய அசையாது. ஆங்கிலேயர் காதுக்கு அவை இரண்டும் ஒரே ஒலிதான், நமக்குப் பாம்பின் இரண்டு ப-வும் ஒன்றாகக் கேட்பதைப் போல. பாம்பை முதலில் காட்டிய ஆண்டுகளில் இந்தப் பாடத்தை நான் இரண்டாம் முறை நடத்த வேண்டி வந்ததில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படியே. வீரனைக் குறிக்கும் 'நைட்' (knight) என்ற சொல்லில் ஊமையாகக் கிடக்கும் எழுத்துகள் எல்லாம் ஒரு காலத்தில் வாய் நிறையச் சொல்லப்பட்டவை. 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு ஏற ஏற எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்துபோனது, நாக்கு தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. 'வருகிறான்' என்று எழுதிவிட்டு 'வர்றான்' என்று வாசிக்கும் பிள்ளைக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது?

சாரல்:

ஐயா, உங்க பதிவைப் படிச்சுட்டு நேத்தே செஞ்சு பார்த்தேன். நான் இப்போ அரசுப் பள்ளியில ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். பாம்பு எழுதச் சொன்னேன். முப்பத்தி நாலு பேர்ல முப்பத்தி ரெண்டு பேர் நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதியிருந்தாங்க. அப்புறம் ரஃப் நோட்டுல இருந்து காகிதம் கிழிச்சு ஆளுக்கொரு கீற்று கொடுத்தேன். வகுப்பே 'பின்', 'ஸ்பின்'னு ஊதிக்கிட்டு இருக்கு. பேரைக் கூப்பிட்டா எழுந்து நின்னு தரையைப் பார்க்கிற பொண்ணு ஒருத்தி, கீற்றைப் பிடிச்சுக்கிட்டே என் மேசைக்கு வந்தா.

"டீச்சர், 'டாப்', 'ஸ்டாப்'புக்கும் இப்படித்தான் ஆடுது. 'கூல்', 'ஸ்கூல்'லுக்கும் ஆடுமா?"

ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்லிப் பார்த்தோம்.