பிளக் வால்வுக்குத் ‘தக்கை வால்வு’ சரிவராது

வணக்கம் அண்ணா,

கழிவுநீர்க் குழாய் வால்வுகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து நீங்கள் அனுப்பிய பட்டியலில் கேட் வால்வுக்குக் ‘கதவு வால்வு’ என்று போட்டது நல்லது. கந்தளாய்க் குளத்து வான்கதவைப் பார்த்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது மேலே தூக்கித் திறப்பது என்று சொல்லாமலே விளங்கும்.

ஆனால் பிளக் வால்வுக்குப் போட்டிருக்கும் ‘தக்கை வால்வு’ வேண்டாம். திருகோணமலைக் கடற்கரையில் யாரிடமாவது தக்கை என்று சொல்லிப் பாருங்கள், மிதக்கிற சாமானைத்தான் நினைப்பார்கள். அதைவிட, பம்பு வைத்துத் தள்ளும் அழுத்தக் கழிவுக் குழாயில் மிதவை வைத்த காற்று வால்வு வேறு தனியாக வருகிறது. இரண்டும் குழம்பிப் போகும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மாதிரித் தட்டையான மணல் நிலத்தில், மாரியில் நிலத்தடி நீரும் மேலே வந்து நிற்கும்போது, கழிவு தானாக ஓடும்படி சரிவு கொடுத்துக் கொடுத்து ஆழமாகக் குழாய் தாழ்ப்பது கஷ்டம். பம்பு வைத்துத் தள்ளுவதுதான் வழி. தள்ளப்படுவது வெறும் தண்ணீர் இல்லை, துணி, தலைமயிர், கொழுப்பு, மணல் எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே வால்வைத் தெரிவுசெய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது, திறந்தால் அதன் அடைப்பான், அதாவது வழியை மூடும் பாகம், எங்கே போகிறது என்பது. பட்டர்பிளை வால்வின் தட்டு திறந்த பிறகும் நடுவழியிலேயே நிற்கும், துணி சுற்றிக்கொள்ளும், அது இந்த வேலைக்கு ஆகாது. பழைய உலோகக் கதவு வால்வில் அடியில் இருக்கும் பள்ளத்தில் மணல் இறுகினால் கதவு முழுக்க இறங்காது. ரப்பர் பூசிய புதுவகையில் அந்தப் பள்ளம் இல்லை, ஆனால் கதவு ஏறி நிற்கும் மேல் அறையில் குப்பை சேரலாம். மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) பிளக் வால்வில் மட்டும் அடைப்பான் 90 பாகை திரும்பி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், வழி விட்டு நிற்கும்.

அதனால் இதற்கு ‘ஒதுங்கு வால்வு’ என்கிறேன். சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. ஒதுங்குவது என்றால் நம் சனம் வேறு அலுவலையும் நினைத்துச் சிரிக்கும், சிரிக்கட்டும், கழிவுக் குழாய்க்குப் பொருத்தம்தானே! இந்தப் பெயரில் இன்னொரு வசதி, பொருத்துபவர் “எந்தப் பக்கம் ஒதுங்கும்?” என்று கேட்பார். கேட்கவும் வேண்டும். கிடையாகப் போகும் குழாயில் அடைப்பானைத் திருப்பும் தண்டும் கிடையாக இருந்து, திறக்கும்போது அடைப்பான் மேற்பக்கம் போக வேண்டும். கீழே போனால் மணல் அதன்மேல் படிந்துவிடும்.

துளை போட்ட கூம்பு அடைப்பான் உள்ள பழைய வகை இதில் சேராது, அது நின்ற இடத்திலேயே சுழல்வது. அதற்குத் ‘துளைமுளை வால்வு’ என்று வைக்கலாம்.

‘வால்வு’ என்ற சொல்லையே எல்லா இடத்திலும் ‘அடைப்பிதழ்’ என்று மாற்றச் சொன்னவருக்கு: மடிந்து திறக்கும் ஒருவழி வால்வுக்கு இதழ் பொருந்தும், மற்றதற்கெல்லாம் இதழ் எங்கே இருக்கிறது? வால்வு என்பது கடைக்காரர் முதல் குழாய் பொருத்தும் பாஸ் வரை எல்லோரும் சொல்வது, இருக்கட்டும்.

கடைசியாக, காற்று வால்வுக்குப் போட்டிருக்கும் ‘காற்றுப்போக்கி’ பாதிதான் சரி. குழாயின் மேடான இடங்களில் காற்றும் ஐதரசன் சல்பைட்டும் தேங்கினால் நுண்ணுயிர்கள் அதைச் சல்பூரிக்கமிலமாக்கி, குழாயின் மேற்புறத்தை அரிக்கும், அதை வெளியே விடத்தான் வேண்டும். ஆனால் பம்பு சட்டென்று நின்றால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகாமல் காற்றை உள்ளே எடுப்பதும் பல இடங்களில் இதே வால்வுதான். ‘காற்றுவாய்’ என்று போட்டால் இரண்டும் அடங்கும். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.