எல்எஸ்டி, சைலோசைபின்: மூளை செல்லைக் கொல்கிறதா, இல்லையா?

இளவெயினி:
"ஒருமுறை தொட்டாலே அடிமை, மூளை செல் செத்துப்போகும்" என்று இன்னமும் எழுதுகிறார்கள். மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டியும், சில காளான்களில் உள்ள சைலோசைபினும் மூளையின் செய்திப்பொருளான செரோடோனின் வந்து ஒட்டும் 5-எச்டி2ஏ ஏற்பியில் ஒட்டுகின்றன. கெட்டான்செரின் என்ற தடுப்பு மருந்து கொடுத்து அதை முன்பே அடைத்துவிட்டால் மாயத்தோற்றம் பெரும்பாலும் வராது. அடிமையாவதும் கடினம். தொடர்ந்து சில நாள் எடுத்தால் ஏற்பிகள் குறைந்து மருந்து ஏறவே ஏறாது. எல்எஸ்டிக்குப் பழகிய உடம்பில் சைலோசைபினும் எடுபடாது.

கடம்பன்:
சின்னத் திருத்தம்: ஏற்பியில் ஒட்டுவது சைலோசைபின் அல்ல, உடல் அதிலிருந்து பிரித்தெடுக்கும் சைலோசின்.
அடிமையாக்காது, சரி. அதனால் ஆபத்தில்லை என்று ஆகிவிடுமா? எல்எஸ்டி உள்ளே போனதும் ஏற்பியின் ஒரு வளையம் மூடிபோல் கவிழ்ந்து அதைச் சிறைப்பிடிக்கிறது. 2017இல் வெளியான, ஏற்பியைப் படிகமாக்கி எடுத்த மூலக்கூறுப் படத்தில் இது தெரிந்தது (படம் 5-எச்டி2பி என்ற நெருங்கிய உறவு ஏற்பியுடையது, 5-எச்டி2ஏவிலும் அதே மூடிதான்). எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நீடிக்க அது ஒரு காரணம். பயம் பிடித்து, நடுவில் "போதும்" என்றாலும் இறங்க வழியில்லை. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் மருந்து தெளிந்த பிறகும் மனம் தெளியாமல் போகலாம். இருமுனை மனநோய்க்கு லித்தியம் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வலிப்பு வந்த பதிவுகளும் உண்டு.

முகில்:
இருவருமே ஒரு வகையை மட்டும் பேசுகிறீர்கள். மயக்க மருந்தான கெட்டமின் அடைப்பது குளுட்டமேட் என்ற வேறொரு செய்திப்பொருளின் என்எம்டிஏ ஏற்பியை. ஊமத்தையில் உள்ள ஸ்கோபொலமின் அடைப்பது மூன்றாவது செய்திப்பொருளான அசிட்டைல்கோலினின் ஏற்பியை. நடத்தையும் வேறு. எல்எஸ்டியில் சுவர் மூச்சுவிடுவதாகத் தெரியும், ஆனால் அது மருந்தின் வேலை என்று பெரும்பாலும் ஆளுக்கே தெரியும். ஊமத்தையில் அந்தத் தெளிவு போய்விடும்: இல்லாத ஆளோடு பேசுவார், இல்லாத சிகரெட்டை இழுப்பார், மறுநாள் நினைவே இருக்காது. வாய் வறட்சி, காய்ச்சல், விரிந்த கண்மணி, சிறுநீர் அடைப்பு. இது நஞ்சேறிய நிலை, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த மூன்று வகைகளையும் 'மாயத்தோற்ற மருந்து' என்ற ஒரே பெயரில் அடைப்பதால்தான் இந்த விவாதமே சுற்றிச் சுற்றி வருகிறது.

இளவெயினி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிகிச்சைப் பயனை யாரும் தொடவில்லையே? 2022 ஆய்வில், மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு 25, 10 அல்லது ஒப்பீட்டுக்காக 1 மில்லிகிராம் சைலோசைபின் தந்தார்கள். மூன்றாம் வாரத்தில் 25 பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள்.

கடம்பன்:
25 விழுங்கியவருக்குத் தனக்குக் கிடைத்தது எது என்று ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். அப்புறம் யாருக்கு எந்த அளவு என்று மறைத்துச் செய்யும் ஆய்வு என்பதற்கு என்ன பொருள்? எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்திருக்கும்.

இளவெயினி:
எதிர்பார்ப்பு மட்டும்தான் என்றால் 10 மில்லிகிராமும் வேலை செய்திருக்க வேண்டும். அதிலும் விளைவு உணரக்கூடியதுதான், ஆனால் 1 மில்லிகிராமைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை.

கடம்பன்:
நல்ல வாதம். ஆனால் பன்னிரண்டாம் வாரம் வரை பாருங்கள். முன்னேற்றம் நிலைத்தது 25 குழுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே. மீதி நால்வருக்கு என்ன பதில்?