நர்சிங் படிப்பைத் தடுமாறாமல் கடக்க: வார்டிலும் வகுப்பிலும் கண்டவை

கல்லூரிப் பயிற்றுநர்

பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் பிள்ளைகள் வந்தாச்சு. முதல் மூன்று மாதத்தில் ஹாஸ்டலில் அழுகை கேட்காத வருடம் கிடையாது. பெரும்பாலும் அழவைப்பது தேங்கிப்போன ரெக்கார்டும், மருந்துக் கணக்கின் மேல் இருக்கும் பயமும், வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போவதும்தான். மூன்றுக்கும் வழி உண்டு. இங்கே எழுதுகிறவர்கள் சொந்தக் கதையை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதை அளவோடு எழுதுங்கள். நான் ரெக்கார்டில் தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை ரைல்ஸ் ட்யூப் ஃபீடிங் (மூக்கு வழிக் குழாயில் உணவு கொடுப்பது) செய்திருப்பார்கள். லாக் புக்கில் (செய்முறைகளைப் பதியும் புத்தகம்) கையெழுத்து கேட்பது மூன்று வாரம் கழித்து. அதற்குள் அந்த சிஸ்டர் வேறு வார்டுக்கு மாறியிருப்பார், அல்லது அவருக்கு நினைவிருக்காது. பிறகு அதே செய்முறைக்கு இன்னொரு நோயாளியைத் தேடி அலைய வேண்டும். ஆகவே கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். செய்த உடனே தேதி, வார்டு, நோய், செய்முறை, பக்கத்தில் நின்றவர் யார் என்று ஐந்தே ஐந்து விவரம். நோயாளியின் பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணும் அதில் வேண்டாம். நோட்டு தொலைந்தால் அவருடைய ரகசியமும் தொலையும். டூட்டி முடிந்து வார்டைவிட்டு இறங்கும் முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேர் பிளானுக்கு (பராமரிப்புத் திட்டம்) நோயாளியைத் தேர்ந்தெடுத்த முதல் நாளே முழு அசெஸ்மென்ட்டையும் (நிலை மதிப்பீடு) எடுத்து முடியுங்கள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் கற்பனையில்தான் எழுத வேண்டி வரும், அது வைவாவில் (வாய்மொழித் தேர்வு) முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை எண்களை அலகோடு சேர்த்தே குறியுங்கள். மருந்து ஃபைலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மருந்து போதும். ஆறு நாள் வார்டில் பன்னிரண்டு ஆகிவிடும்.

வருகைப்பதிவை வீட்டுக்குக் கிளம்பும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக 80 சதவீதம் வேண்டும். அனாட்டமி 60 மணி நேரம். விடக்கூடியது 12 மணி நேரம் மட்டும். விடுப்புக்குக் காரணம் காய்ச்சலா கல்யாணமா என்று அந்தக் கணக்கு பார்க்காது. கிளினிக்கலில் (வார்டுப் பயிற்சி) விட்ட நேரத்தையோ பட்டம் வாங்கும் முன் முழுதாக, நூற்றுக்கு நூறு, ஈடுகட்டியாக வேண்டும். கடைசி வருடத்தில் தோழிகள் ஊருக்குப் போகும்போது தனியாக டூட்டி பார்ப்பவர்கள் இதைத் தவறவிட்டவர்கள்தான்.

மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ்

டிரிப் கணக்கைச் சொல்கிறேன். சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம், கட்டிலருகே நின்றால் மறந்துவிடும். அதனால் சுருக்க வழி.

ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் (டிரிப் குழாய்) என்றால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.லி. என்று பார்த்து அதை 3 ஆல் வகுங்கள். 15 சொட்டு செட் என்றால் 4 ஆல். 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம், மி.லி. எத்தனையோ நிமிடத்துக்குச் சொட்டும் அத்தனை. 500 மி.லி. நார்மல் சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும்: மணிக்கு 62.5 மி.லி., 3 ஆல் வகுத்தால் 20.8, ஆக நிமிடத்துக்கு 21 சொட்டு.

சொட்டை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சரிசெய்துவிட்டு அப்படியே போய்விடக் கூடாது. நோயாளி கையை மடக்கினாலும், பாத்ரூம் போய் வந்தாலும், ரோலர் கிளாம்ப் (சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்) மெல்ல நழுவினாலும் வேகம் மாறும். 15 நிமிடத்தில் திரும்பி வந்து இன்னொரு முறை எண்ணுங்கள். பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பிளாஸ்டர் ஒட்டி நேரம் குறித்துவிடுவது நல்ல பழக்கம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் 10 மணிக்கு 375 மி.லி. மீதம் இருக்க வேண்டும், 12 மணிக்கு 250, 2 மணிக்கு 125. சலைன் அந்தந்த நேரக் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ நின்றால் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது இன்சுலின். இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நம் ஊரில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் வயலும் உண்டு. சிரிஞ்சும் அதேபோல் இரண்டு: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 12 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார்கள். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 30 யூனிட். சர்க்கரை இறங்கி நோயாளி மயங்குவார். மாற்றிச் செய்தால் 4.8 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது. வயல் லேபிளையும் சிரிஞ்சின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஊசியைக் குத்துங்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை மாணவர் தனியாகத் தொடவே கூடாது. 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்குவலன்ட் இருக்கிறது. கரைக்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அவசரத்தில் யாராவது கையில் திணித்தால், "சிஸ்டர், இதை நான் தனியாகச் செய்ததில்லை, கொஞ்சம் பக்கத்தில் நில்லுங்க" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்கிற பிள்ளையை நல்ல சிஸ்டர்கள் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் சொல்லுங்கள்.

குழந்தைகள் வார்டு

மேலே சொன்ன டிரிப் கணக்கோடு ஒரு சின்னச் சேர்க்கை. செட்டின் சொட்டு எண்ணிக்கை பாக்கெட்டின் மேலேயே அச்சாகியிருக்கும். பாக்கெட்டைக் கிழித்ததும் குப்பையில் போடாமல் ஒருமுறை படியுங்கள்.

குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும்போது தவறு நடப்பது பெருக்கலில் அல்ல, பாட்டிலில். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று எழுதியிருந்தால் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. அதுவே 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கும் சிரப் என்றால் 6 மி.லி. 250 மி.கி. சிரப் என்றால் 3 மி.லி. மி.லி.க்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி. மூன்றும் ஒரே மருந்து. "வீட்டில் 6 மி.லி.தான் கொடுப்பேன்" என்று அம்மா சொன்னால், எந்தப் பாட்டிலில் என்று கேளுங்கள். குழந்தையின் எடையை அன்றைக்குப் பாருங்கள், சென்ற மாதச் சீட்டை நம்ப வேண்டாம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்காக (சர்ஜிக்கல் வார்டு)

பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு அனாட்டமி புத்தகத்தைத் திறந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். வார்த்தையை முழுதாக விழுங்கப் பார்ப்பதால் வரும் பயம் அது. உடைத்துப் படியுங்கள். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுப்பது. ‘ஆட்டமி’ என்றால் கீறித் திறப்பது, ‘ஆஸ்டமி’ என்றால் திறந்து ஒரு துளைவாய் அமைப்பது. கோலிசிஸ்டெக்டமியில் கோலி பித்தம், சிஸ்ட் பை, எக்டமி நீக்கம். பித்தப்பை நீக்கம், அவ்வளவுதான். ஹைப்பர் (அதிகம்), ஹைப்போ (குறைவு) இரண்டையும் மட்டும் ஒருநாளும் அரைகுறையாக எழுதாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் சிகிச்சையே தலைகீழ்.

படிக்கும் முறை: ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், அறைத்தோழிக்குத் தமிழில் சொல்லுங்கள், பிறகு ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசிப் படியை விட்டுவிட்டால் புரிந்திருக்கும், பரீட்சையில் கை ஓடாது.

உங்களிடம் இருக்கும் பலமும் தெரிந்திருக்கட்டும். நோயாளி நம் மொழியில்தான் நோவைச் சொல்கிறார். "நீர்க்கடுப்பா இருக்கு" என்றால் டிஸ்யூரியா. "மூச்சு வாங்குது" என்றால் டிஸ்னியா. "வெளிக்கி கறுப்பா, தார் மாதிரி போகுது" என்றால் மெலினா (மலத்தில் ரத்தம்), அதை உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். "கை கால் மதமதன்னு இருக்கு" என்று சர்க்கரை நோயாளி சொன்னால் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள், விரலிடுக்கில் புண் இருக்கலாம். நோட்டின் பின்பக்கத்தில் இப்படி இரண்டு பத்தியாக எழுதி வாருங்கள். கேர் பிளானில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தியேட்டர் நர்ஸ்

முதல் முறை அறுவை அரங்குக்குள் வரும் பிள்ளைகளில் ஓரிருவர் மயங்குவது சாதாரணம். ரத்தத்தைப் பார்த்து மட்டும் வருவதில்லை. சாப்பிடாமல் வருவது, மாஸ்குக்குள் புழுக்கம், முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது, எல்லாம் சேர்ந்து ரத்தம் காலில் தங்கிவிடும். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நிற்கும்போது முட்டியைச் சற்றே தளர்த்தி, கெண்டைக்காலை இறுக்கி விட்டுக்கொண்டிருங்கள்.

காது அடைக்கும், கண் மங்கும், குளிர்ந்து வியர்க்கும். அந்த நொடியில் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டெரைல் மேசையிலிருந்து பின்வாங்கி, சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். "சிஸ்டர், தலை சுத்துது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். நின்றபடியே விழுந்தால் தலையில் அடிபடும், டிராலியும் அசுத்தமாகும்.

நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்

ஊசி குத்திவிட்டால் திட்டு விழும் என்று மறைக்கும் மாணவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. மறைப்பதுதான் ஆபத்து. குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குமேல் போகக் கூடாது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் இரவு அதில்தான் கழிகிறது.

மஞ்சள்காமாலை பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. கிளினிக்கல் தொடங்கும் முன்பே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள், 10க்குக் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். குத்துகளில் பல அந்த மூடியால் வருபவை.

சமுதாய சுகாதாரப் பிரிவு

நைட் டூட்டிக்கு முந்தைய மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுங்கள். காபி, டீ நள்ளிரவோடு சரி. விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்தால் காலை பத்து மணிக்கும் கண் மூடாது. டூட்டி முடிந்து வந்ததும் ஜன்னலுக்குத் துணி கட்டி, போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வார்டை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது வெறும் சோர்வு இல்லை. 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

கல்லூரிப் பயிற்றுநர்

பரீட்சை பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டரில் அனாட்டமியும் பிசியாலஜியும் ஒரே தாள்தான். 37 மதிப்பெண் அனாட்டமிக்கு, 38 பிசியாலஜிக்கு. படம் வரைவதில் மயங்கி அனாட்டமிக்கே இரண்டு மணி நேரம் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்றரை மணி ஆனதும், எழுதிக்கொண்டிருக்கும் கேள்வி முடிந்தாலும் முடியாவிட்டாலும், அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள்.

செய்முறைத் தேர்வில் அதிகம் தவறுவது பி.பி. பார்ப்பதில். நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவிடுங்கள். கஃபின் (கையில் சுற்றும் பட்டை) கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2.5 செ.மீ. மேலே இருக்கட்டும். முதலில் நாடியைத் தொட்டபடி காற்று ஏற்றி, அது நிற்கும் எண்ணைப் பாருங்கள். காற்றை இறக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, ஸ்டெத்தை வைத்து அந்த எண்ணுக்கு மேல் 30 வரை ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 வீதம் மெதுவாக இறக்குங்கள். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் "மேடம், எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். 120/80 என்று எழுதிவைக்காதீர்கள். எக்ஸாமினர் உங்களுக்கு முன்பே அந்த நோயாளிக்குப் பார்த்து எண்ணைக் குறித்து வைத்திருக்கலாம்.